செவலை பால அடக்கல

நாலு வருசத்துக்கு முன்னால, ஒரு தை மாசம். எங்க செவலை மாடு பால அடக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். காலையில நாலரை லிட்டர் கறக்குற மாடு மூணு லிட்டருக்கு இறங்கிருச்சு. சாயங்காலக் கறவை மட்டும் எப்பவும் போல இருந்துச்சு. புண்ணாக்க மாத்துனேன், தாது உப்பு வாங்கிப் போட்டேன். கால்நடை டாக்டர் வந்து மடிய அமுக்கிப் பாத்துட்டு, "மடிநோயும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே. மாடு நல்லாத்தான் இருக்கு"ன்னுட்டுப் போயிட்டாரு.

ஒருநாள் விடியக்காலம் அஞ்சு மணிக்குத் தொழுவத்துப் பக்கம் போனப்பதான் பாத்தேன். மடி கழுவ வச்சிருந்த வெந்நிக்குள்ள ரெண்டு கையையும் விட்டுக்கிட்டு வீட்டம்மா அசையாம உக்காந்திருக்கா. என்னா புள்ளன்னு கேட்டேன்.

"விரலு மடங்க மாட்டேங்குதுங்க. காம்பப் புடிச்சா அழுத்தம் குடுக்க முடியல. எட்டு மணிக்கு மேல தானா சரியாயிருது."

மாடு பால அடக்கல. கைதான் கறக்க முடியாமப் போயிருக்கு.

அன்னைக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முப்பது வருசம் கறந்த கை, வலிக்கத்தான் செய்யும்"னு சொன்னேன். அந்த ஒரு வார்த்தையில ஒண்ணரை வருசம் போச்சு. அந்த ஒண்ணரை வருசத்துல அவ கைக்குள்ள என்ன நடந்துச்சுங்கிறத நான் பிற்பாடுதான் தெரிஞ்சுக்கிட்டேன். அதைத்தான் இன்னைக்கு எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, பன்னெண்டாவதோட ஏர் பிடிக்க வந்தவன். மதுரை டாக்டர் சொன்னதையும், மருந்தாளுநர் படிப்பு படிச்ச என் தங்கச்சி மகன் உக்கார வச்சு விளக்கினதையும் எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

முதல்ல ஊரு சொன்ன வைத்தியம் எல்லாம் நடந்துச்சு. 2006-ல சிக்குன்குனியா வந்தப்ப எங்க தெருவுல பாதிப் பேரு சுவத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தோம். "அந்த வலியோட மிச்சம்தான் இது"ன்னு பெரியம்மா சொன்னாங்க. தைலம், ஒத்தடம், முடக்கத்தான் தோசை. கடைசியா ஒருத்தரு குடுத்த பொட்டலம். அந்தப் பொடியச் சாப்பிட்ட மூணாம் நாளே கை மடங்குச்சு. கோயிலுக்குப் போயி தேங்கா உடைச்சோம். நாலு மாசத்துல முகம் உப்பிருச்சு, சர்க்கரையும் ஏறிருச்சு. பொடிய நிறுத்துனதும் வலி முன்ன விட மோசமா வந்து நின்னுச்சு. அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்னு பின்னால டாக்டர் சொன்னாரு. பொட்டலத்த யாரும் சோதிச்சுப் பாக்கல, அதனால நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா அந்த முக வீக்கத்தையும் சர்க்கரையையும் பாத்துட்டு அவரு அப்படித்தான் சந்தேகப்பட்டாரு.

மதுரைக்குக் கூட்டிப் போனது தங்கச்சி மகன்தான். "மாமா, அத்தைக்கு ரெண்டு கையிலயும் ஒரே இடத்துல வீங்குது. இது வேலை வலி இல்ல"ன்னு பிடிவாதமா நின்னான். டாக்டர் ரத்தம் எடுத்தாரு, கை எக்ஸ்ரே எடுத்தாரு. முடக்குவாதம்னு சொன்னாரு, இங்கிலீசுல ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். எக்ஸ்ரேவ வெளிச்சத்துல பிடிச்சு, "இங்க பாருங்கய்யா, எலும்பு ஓரத்துல எலி கடிச்ச மாதிரி இருக்குல்ல. இது திரும்ப வளராது"ன்னாரு. திரும்ப வளராதுங்கிற வார்த்தைய மட்டும் வீடு வர்ற வரைக்கும் பஸ்ல நெனச்சுக்கிட்டே வந்தேன்.

அன்னைக்கு ராத்திரி திண்ணையில உக்காந்து மருமகன் சொன்னதப் புரிஞ்சுக்க, எங்க ஊருக் கதை ஒண்ணு எனக்கு உதவுச்சு.

எனக்குப் பன்னெண்டு வயசிருக்கும். ஐப்பசி அடைமழை. நடவு நட்டு இருபது நாளு. ராத்திரி யாரோ ஒருத்தன் "கண்மாய் உடைஞ்சிருச்சு"ன்னு கத்துனான். அதைக் கேட்டவன் ரெண்டு மடங்கு சத்தமாக் கத்துனான். அவன் கத்துனதைக் கேட்டு முதல்ல கத்துனவனே, உண்மைதான் போலன்னு மறுபடி கத்துனான். வெள்ளம் வயலுக்குள்ள நிக்காம ஓடிரட்டும்னு அவனவன் மம்பட்டியத் தூக்கிட்டுப் போயி அவனவன் வரப்ப அவனே வெட்டி விட்டான். விடிஞ்சு பாத்தா கண்மாய்க் கரை கல்லு மாதிரி நிக்குது. எங்க வயக்காட்டுலதான் தண்ணியும் எருவும் நாத்தும் ஓடைக்குப் போயிருந்துச்சு.

மூட்டுக்குள்ளயும் இதேதான் நடக்குது.

ரெண்டு எலும்பு சந்திக்கிற இடத்துல குருத்தெலும்பு மெத்தை மாதிரி மூடியிருக்கு. அதுக்குள்ள ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. நாரும், தண்ணியப் பிடிச்சு வைக்கிற ஒரு பொருளும்தான். கயித்த வலையாப் பின்னி, அதுக்குள்ள தென்னை நார்க்கழிவ அடைச்சுத் தண்ணி ஊத்துனா எப்படி இருக்கும்? அப்படித்தான். கயிறு மாதிரி இருக்கிறது கொலாஜன். நார்க்கழிவு மாதிரி தண்ணிய இழுத்து வச்சுக்கிறது அக்ரிகன். குருத்தெலும்போட எடையில பெரும்பங்கு தண்ணிதான். அதனாலதான் அமுக்குனா அமுங்கி, விட்டா எழும்புது. இந்த வயலுக்கு அங்கங்க ஒண்ணொண்ணாக் குடியிருக்கிற செல்லுங்கதான் விவசாயி. வரப்பக் கட்டுறதும் பராமரிக்கிறதும் அதுங்க வேலை.

இந்த மெத்தையச் சுத்தி, மூட்டோட உள்பக்கம் ஒரு மெல்லிசான சவ்வு இருக்கு. முடக்குவாதத்துல நம்ம எதிர்ப்பு சக்தி எதையோ எதிரின்னு தப்பா நெனச்சு அந்தச் சவ்வுக்குள்ள படைய இறக்குது. அங்கதான் கத்தல் ஆரம்பிக்குது. செல்லுங்க வாயால கத்தாது, புரதத்த அனுப்பும். சைட்டோகைன்னு பேரு. கத்துறவங்க நிறைய பேரு இருந்தாலும் மூணு பேரு முக்கியம். டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6.

இதுல டி.என்.எஃப். சத்தத்தக் கேட்ட செல்லு, இன்டர்லூக்கின்-1-ஐயும் 6-ஐயும் வெளிய விடுது. இன்டர்லூக்கின்-1-ஐக் கேட்ட செல்லு இன்னும் கொஞ்சம் இன்டர்லூக்கின்-1-ஐயே விடுது, டி.என்.எஃப்.பையும் கிளப்பி விடுது. எங்க ஊருல முதல்ல கத்துனவனே தன் சத்தத்தத் திரும்பக் கேட்டு மறுபடி கத்துனான் பாருங்க, அதே கதைதான். முதல் காரணம் என்னங்கிறது மறந்துபோனாலும் சத்தம் அடங்காது. சவ்வு வீங்கித் தடிச்சு, கோரை மாதிரி குருத்தெலும்பு மேல படர ஆரம்பிக்குது.

இதுல என்னைத் தூங்க விடாத விசயம் அடுத்ததுதான். குருத்தெலும்பத் தின்னுறது வெளியில இருந்து வந்த படை மட்டும் இல்ல. உள்ள இருக்கிற விவசாயி செல்லும் அந்தக் கத்தலக் கேக்குது. கேட்டுட்டு, புதுசா நார் போடுறத நிறுத்திருது. நாரை வெட்டுற நொதிகளைத் தானே சுரக்குது. தன் வரப்பத் தானே வெட்டுது.

இத எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டேன். 1970-கள்ல இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல ஆனர் ஃபெல்னு ஒரு விஞ்ஞானி அம்மா இருந்திருக்காங்க. பன்னியோட மூட்டுச் சவ்வையும் குருத்தெலும்பையும் ஒரே தட்டுல, ஒண்ணை ஒண்ணு தொடாம வச்சுப் பாத்தாங்களாம். உயிரோட இருக்கிற குருத்தெலும்பு கரைஞ்சிருக்கு. செல்லைக் கொன்னுட்டு வச்ச குருத்தெலும்பு அப்படியே இருந்திருக்கு. அப்படின்னா சவ்வுல இருந்து ஏதோ ஒரு சேதி தண்ணி வழியாப் போகுது, அதைக் கேட்டு வெட்டுறது உள்ள இருக்கிற செல்லுதான்னு தெரிஞ்சுபோச்சு. அந்தச் சேதிக்கு முதல்ல கேட்டபோலின்னு பேரு வச்சாங்க. அதுதான் இன்டர்லூக்கின்-1-ன்னு பிற்பாடு தெரிய வந்துச்சு.

வெட்டும்போது முதல்ல போறது நார்க்கழிவு, அதாவது அக்ரிகன். அந்த நேரத்துல சத்தம் அடங்குச்சுன்னா செல்லு திரும்ப அதைச் சுரந்து சரி பண்ணிக்கும். ரெண்டாவது போறது கயிறு. அங்கதான் திரும்பி வர முடியாத கோடு இருக்கு. குருத்தெலும்புல இருக்கிற கொலாஜன் நாரு நாம வளர்ற வயசுல போட்டது. அதுக்கப்புறம் உடம்பு அதைப் புதுப்பிக்கிறது கிட்டத்தட்ட இல்லவே இல்லைங்கிறாங்க. இந்தக் கத்தல் எலும்பத் தின்னுற செல்லுங்களையும் எழுப்பி விட்டுருது. எக்ஸ்ரேவுல எலி கடிச்ச மாதிரி தெரிஞ்சது அதுங்க வேலை.

நான் தைலமும் தோசையும்னு ஓட்டுன ஒண்ணரை வருசத்துல உள்ள கயிறு அறுந்துக்கிட்டு இருந்திருக்கு.

காலையில மட்டும் ஏன் கை மரத்துச்சுங்கிறதுக்கும் காரணம் இருக்கு. இன்டர்லூக்கின்-6 ராத்திரியில ஏறி, விடியக்காலத்துலதான் உச்சத்துக்கு வருதாம். சரியா எங்க கறவை நேரம். அதே இன்டர்லூக்கின்-6 கல்லீரலுக்கும் போயி வேலை காட்டுது. அதைக் கேட்டுத்தான் கல்லீரல் சி.ஆர்.பி.ன்னு ஒண்ணைச் சுரக்குது. டாக்டருங்க ரத்தத்துல அளந்து பாக்குறது அதைத்தான். ஹெப்சிடின்னு இன்னொண்ணும் சுரக்குது. அது உடம்புல இருக்கிற இரும்புச் சத்தப் பூட்டி வச்சிருது. வீட்டம்மாவுக்கு ரத்தம் குறைவுன்னு இங்க ஆறு மாசம் இரும்பு மாத்திரை குடுத்தாங்க. ஏறவே இல்ல. குடோன்ல அரிசி மூட்டை இருந்தும் ரேஷன் கடைக்கு வரலன்னா நாம என்ன செய்ய முடியும்? "எந்நேரமும் அசதியா இருக்குங்க"ன்னு அவ சொன்னப்ப, வயசாகுதுல்லன்னு அதுக்கும் ஒரு பதில் வச்சிருந்தேன்.

டாக்டர் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை ஆரம்பிச்சாரு. இதப் படிக்கிறவங்க ஒரு விசயத்தக் கட்டாயம் மனசுல வச்சுக்கங்க. இந்த மாத்திரை முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் சாப்பிடுறதுன்னு தப்பா நெனச்சு முழுங்குனா உயிருக்கே ஆபத்து. மருமகன் காலண்டர்ல எல்லாப் புதன்கிழமையும் சிவப்பு வட்டம் போட்டுட்டு, மத்த நாள்ல அட்டை கண்ணுல படாதபடி அரிசிப் பானைக்குப் பின்னால வச்சான். கூடவே ஃபோலிக் அமில மாத்திரை, மாசா மாசம் ரத்தப் பரிசோதனை. பொடி மாதிரி மூணு நாள்ல கேக்கல, ரெண்டு மாசம் ஆச்சு. ஆனா கேட்டுச்சு. முக்கால்வாசி வலி போச்சு. நிறைய பேருக்கு இதோடயே அடங்கிருதாம். எங்களுக்கு மிச்சக் கால்வாசி போகல. போன வருசம் மணிக்கட்டு திரும்ப வீங்குச்சு.

அப்பதான் டாக்டர் ஊசியப் பத்திப் பேசுனாரு. டி.என்.எஃப்.போட வாயை மட்டும் பொத்துற ஊசி.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஊரே கத்துறப்ப ஒருத்தன் வாயைப் பொத்தி என்ன ஆகப் போகுது? இதே சந்தேகம் பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்கும் இருந்துச்சாம். லண்டன்ல மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனின்னு ரெண்டு பேரு. மைனி நம்ம பஞ்சாப் லூதியானாவுல பொறந்தவரு. நோயாளிகளோட மூட்டுச் சவ்வுச் செல்லை எடுத்து ஆய்வுக்கூடத்துல வளத்து, டி.என்.எஃப்.ப மட்டும் தடுத்துப் பாத்திருக்காங்க. இன்டர்லூக்கின்-1-உம் சேந்து அடங்கிருச்சு. 1989-ல அதை வெளியிட்டாங்க. 1992-ல லண்டன் சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில முதல் நோயாளிகளுக்கு ஊசி போட்டாங்க. மொத்தம் இருபது பேரு. எல்லாரும் வேற மருந்துக்குக் கேக்காதவங்க. அவங்களுக்கு வலியும் வீக்கமும் இறங்குச்சு. ஊசி வேகம் குறைஞ்சதும் நோய் திரும்பவும் வந்துச்சு, ஏன்னா இது கத்தல அடக்குதே தவிர வேரப் பிடுங்கல. ஆனா தலைமடை எதுன்னு தெரிஞ்சுபோச்சு. தலைமடைய அடைச்சா கீழ்மடைக்கு வர்ற தண்ணியும் குறையும்தானே.

ஊசிக்கு முன்னால நெஞ்சு எக்ஸ்ரேவும் காசநோய்ப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னாங்க. கைக்கு ஊசி போட நெஞ்சை எதுக்குப் பாக்குறாங்கன்னு எனக்குப் புரியல. டாக்டர் வீட்டம்மாகிட்டயே கேட்டாரு: "உங்க வீட்டுல யாருக்காவது டி.பி. இருந்துச்சாம்மா?" எங்க அப்பாவுக்கு இருந்துச்சு. கடைசி ரெண்டு வருசம் அவரைப் பாத்துக்கிட்டது இவதான். சோதனையில கிருமி உள்ள தூங்குதுன்னு வந்துச்சு. நோயா வரல, தூங்குது.

அதைத் தூங்க வச்சிருக்கிறது யாரு தெரியுமா? அதே டி.என்.எஃப். நுரையீரல்ல கிருமியச் சுத்தி செல்லுங்க வேலி போட்டு அடைச்சு வைக்குது. அந்த வேலி பிரியாம நிக்க டி.என்.எஃப். வேணும். அதோட வாயைப் பொத்துனா கைவலி அடங்கும், ஆனா நெஞ்சுல காவலும் போயிரும். ரெண்டு நாளு எனக்குச் சோறு இறங்கல. அப்பாவப் பாத்துக்கிட்ட புண்ணியத்துக்கு இவளுக்குக் கிடைச்சது இதுவான்னு இருந்துச்சு. அவதான் சொன்னா, "அந்தக் காவக்காரன் மேல தப்பு இல்லீங்க. நெஞ்சுல ஒழுங்காத்தான நிக்கிறான். கையிலதான் ஆளு தெரியாம அடிக்கிறான்."

டாக்டர் வழி சொன்னாரு. காசநோய் வராமத் தடுக்க ஆறு மாசம் தினமும் மாத்திரை. அது ஆரம்பிச்சு ஒரு மாசம் கழிச்சு முதல் ஊசி. ரெண்டு மருந்துமே கல்லீரலப் பாதிக்கலாம்ங்கிறதால ரத்தப் பரிசோதனையத் தவற விடக்கூடாதுன்னாரு. ஊசி ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. மாசப் பால் காசு மொத்தத்தையும் வச்சாலும் அதுக்குப் பத்தல. செவலையோட கிடேரிக் கன்னை வித்தோம். விக்கிற அன்னைக்கு அவ தொழுவத்துக்கு வரல. ஊசிய பிரிட்ஜ்லதான் வைக்கணும்னு பழைய பிரிட்ஜ் ஒண்ணும் வாங்கினேன். இதுக்கு முன்னால எங்க வீட்டுல குளிர வச்சுக் குடிக்கிற பழக்கமே இல்ல.

இப்ப ஊசி ஆரம்பிச்சு எட்டு மாசம். காலையில ரெண்டு மணி நேரம் மரத்துக் கிடந்த கை பத்து நிமிசத்துல வழிக்கு வருது. ரத்தமும் ஏறிருச்சு, அதே இரும்பு மாத்திரையே இல்லாம. ஆனா வலது மோதிர விரல் கோணுனது கோணுனதுதான். மணிக்கட்டு முழுசா மடங்காது. அறுந்த கயித்த ஊசி ஒட்டாது. ஒண்ணரை வருசம் முந்திப் போயிருந்தா அந்த விரல் நேரா இருந்திருக்கும்னு டாக்டர் சொல்லல. நான் கேக்கவும் இல்ல.

உங்க வீட்டுல அம்மாவோ அக்காவோ கை வலின்னு சொன்னா இத மட்டும் கேளுங்க. தேய்மான வலின்னா வேலை செய்யச் செய்யக் கூடும், உக்காந்தாக் குறையும். காலையில மரத்தாலும் அரை மணி நேரத்துக்குள்ள விட்டுரும். எனக்கு முழங்கால்ல இருக்கிறது அதுதான். அதுலயும் இந்தப் புரதங்க கொஞ்சம் வேலை செய்யுதாம், ஆனா அடக்குற ஊசி அதுக்குப் பெருசாப் பலன் குடுக்கலையாம். முடக்குவாதம் தலைகீழ். ஓய்வுல கூடும், அசைக்க அசைக்கக் குறையும். காலை மரப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல நிக்கும். ரெண்டு கையிலயும் விரல் வேர் மூட்டு, நடு மூட்டு, மணிக்கட்டுன்னு ஒரே மாதிரி வீங்கும். கூடவே காரணம் தெரியாத அசதி. இது ஆறு வாரம் தாண்டுச்சுன்னா தைலத்த வச்சுட்டு டாக்டரப் பாருங்க. யாராவது குடுத்த பொடி மூணே நாள்ல கேட்டுச்சுன்னா இன்னும் சீக்கிரமாப் பாருங்க.

இப்பல்லாம் சாயங்காலக் கறவை அவ, காலைக் கறவை நான். அம்பத்தஞ்சு வயசுல கறக்கப் படிச்சிருக்கேன். என் கையப் பழகாம செவலை எங்கிட்ட நெசமாவே பால அடக்குது. அவ வந்து பக்கத்துல நின்னு, கோணுன விரலால கழுத்தத் தடவிக் குடுத்தா ரெண்டு நிமிசத்துல பால் இறங்குது. காலையில மூணே முக்கால் லிட்டர் வருது இப்ப.